கூடம் நிஜமாவே கோணல்: .45 பிக் போர் ஏர் ரைஃபிளும் அதோட பேரலும், எட்டு மாச அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, பேர் போடப் போறதில்ல. .45 கேலிபர், அதாவது பேரல் ஓட்டை கிட்டத்தட்ட 0.45 இன்ச், இந்த மாதிரி பெரிய ஓட்டைய தான் பிக் போர்னு சொல்லுவாங்க. பிசிபி, அதாவது முன்கூட்டியே டேங்க்ல அழுத்தமா காத்த அடைச்சு வெச்சு சுடுற வகை, 3000 பிஎஸ்ஐ ஃபில், அதாவது சுமார் 207 பார், மர ஸ்டாக், சிங்கிள் ஷாட். இந்த விவரத்துக்குப் பொருந்துற ரைஃபிள் நிறைய இருக்கு, அதுல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. நான் எழுதப் போறது பெரும்பாலும் பேரல பத்தி தான், ஏன்னா இந்த எட்டு மாசத்துல ஏழு மாசம் அந்த பேரலோட தான் குடித்தனம் நடத்திருக்கேன்.

சும்மா சொல்லக்கூடாது, மத்ததெல்லாம் நல்லாவே இருக்கு. ஸ்டாக் தோள்ல ஒக்காந்தா நம்மளுக்கே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு, ட்ரிகர் ரெண்டு ஸ்டேஜ், ரெண்டாவது ஸ்டேஜ் எங்க ஆரம்பிக்குதுன்னு விரலுக்கு தெளிவா தெரியும், ஃபில் பண்ணி மூலைல சாத்தி வெச்சாலும் கேஜ் முள்ளு அசையல. 350 கிரெயின் குண்டு, எடை கிட்டத்தட்ட 23 கிராம், செகண்டுக்கு 735 அடி வேகத்துல போகுது, அதோட சக்திய கணக்கு போட்டா 420 ஃபுட் பவுண்டு. 12, 15 ஃபுட் பவுண்டு .177 ஸ்பிரிங் கன்ல பழகுன ஆளுக்கு முதல் ஷாட்ல சிரிப்பு தான் வரும், அப்படி ஒரு தள்ளு. காத்துல இவ்ளோ பெரிய குண்டான்னு ஆச்சரியப்படுறவங்களுக்கு, இது ஒண்ணும் புது விஷயம் இல்ல, 1780கள்லயே ஆஸ்திரிய ராணுவத்துல ஜிராண்டோனி ஏர் ரைஃபிள்னு ஒண்ணு இருந்துச்சு, கிட்டத்தட்ட .46 கேலிபர், பின்கட்டை தான் காத்து டேங்க், அதை நிரப்ப கைப்பம்புல 1500 தடவை கிட்ட அடிக்கணுமாம். அவனுங்க தோள்பட்டைய நினைச்சா பாவமா இருக்கு.

சரி விஷயத்துக்கு வரேன்.

முதல் நாள் 50 யார்டுல அஞ்சு ஷாட். ஆறு இன்ச் குரூப், அதாவது அஞ்சு ஓட்டையும் அவ்ளோ அகலத்துக்கு சிதறியிருக்கு. குரூப்னு சொல்றதே தப்பு, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கோலத்துக்கு புள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சு. கூட வந்த 450 கிரெயின் குண்டு போட்டு பாத்தா இன்னும் மோசம், பேப்பர்ல ஓட்டை வட்டமாவே விழல, குண்டு படுத்துக்கிட்டே போய் நீளவாக்குல கிழிச்சிருக்கு. கீஹோல்னு சொல்லுவாங்கல்ல அது.

நானும் எல்லாரையும் போல பேரல கடைசியா தான் சந்தேகப்பட்டேன். ஸ்கோப்ப கழட்டி வேற ஸ்கோப் போட்டேன், மவுண்டு ஸ்க்ரூ டைட் பண்ணேன், பேரல புடிச்சிருக்குற குட்டி ஸ்க்ரூ மூணு இருக்கும் அதையும் பாத்தேன், பேரலுக்கும் ஏர் ட்யூபுக்கும் நடுவுல இருக்குற பேண்ட் பாத்தேன். இந்த பேண்ட் விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல, ட்யூபுல பிரஷர் மாறும்போது ட்யூப் கொஞ்சூண்டு நெளியும், பேண்டு பேரல இறுக்கிப் புடிச்சிருந்தா ட்யூபோட சேந்து பேரலும் நெளியும், அப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் குண்டு விழுற இடம் நகரும். இதுல பேண்ட் ஒழுங்கா தான் இருந்துச்சு. சைலன்சர கழட்டிட்டும் சுட்டேன், குண்டு உள்ள இருக்குற தடுப்புல உரசுதோன்னு. இல்ல. மோந்து பாக்காத இடம் இல்ல.

க்ரோனோ, அதாவது குண்டு வேகத்த அளக்குற மீட்டர் வெச்சு பாத்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் காத்து அழுத்தத்த ஒரே அளவா வெக்கிற ரெகுலேட்டர் இல்லாத ரைஃபிள், அதனால ஒரு ஃபில்லுக்கு மூணு ஷாட் தான் உருப்படியா கிடைக்கும்னு தெரியும், அந்த மூணும் 20 அடிக்குள்ள தான் வித்தியாசம். 20 அடி வித்தியாசத்துக்கு 50 யார்டுல எவ்ளோ மேல கீழ போகும்னு கணக்கு போட்டேன், அரை இன்ச். அதுவும் மேல கீழ தான், பக்கவாட்டுல போக காரணமே இல்ல. எனக்கு ஆறு இன்ச் நாலா பக்கமும் போகுது. அப்ப காத்து அழுத்தம் மேல பழி போட முடியாது, மிச்சம் இருக்குறது பேரலும் நானும்.

நானா பேரலான்னு பாக்க நண்பர் ஒருத்தர்கிட்ட குடுத்தேன், என்னை விட ரொம்ப நல்லா சுடுவாரு. அவருக்கு ஆறே கால் இன்ச். மனசுக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையா பேசுனாரு, சார் பிக் போர் ரீகாயில் வேற மாதிரி இருக்கும் நீங்க புடிக்கிற விதத்துல தான் பிரச்சனை, இன்னும் 100 ஷாட் சுடுங்க பேரல் செட் ஆயிடும்னாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு ஒரு பழமொழி இருக்குல்ல, அவர் அதை தான் என்கிட்ட பதவிசா சொல்றாருன்னு ஃபோன வெச்சப்புறம் தான் உறைச்சுது. சரி ஐயா, கூடம் கோணலா இல்லையான்னு அளந்தே பாத்துருவோம்னு உக்காந்தேன்.

பேரல அளக்குறதுக்கு ஸ்லக்கிங்னு பேரு, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. சுத்த ஈயத்துல ஒரு உருண்டை வேணும், பேரல விட கொஞ்சூண்டு பெருசா. தூண்டில்ல கட்டுற ஈயகுண்டு சரியான சைஸ்ல கிடைச்சா அதுவே போதும். முதல்ல டேங்க்ல இருக்குற காத்த முழுசா வெளிய விட்டுட்டு, அப்புறம் தான் பேரல ரைஃபிள்ல இருந்து கழட்டணும், இத நான் ரெண்டாவது தடவ சொல்ல வெச்சுராதீங்க, 200 பார் காத்து விளையாட்டு இல்ல. பேரல உள்ள நல்லா தொடச்சுட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஈய உருண்டைய பின்பக்க வாய்ல வெச்சு மரச்சுத்தியால மெதுவா தட்டி உள்ள ஏத்திட்டு, பித்தளைக் கம்பியால முன்னாடி வரைக்கும் தள்ளிட்டு போகணும். கை தான் இங்க மீட்டர். ஒரே சீரா போகுதா, எங்க இறுகுது, எங்க வழுக்குது, எல்லாம் உள்ளங்கைக்கு தெரியும். பேரல் வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி எங்கெங்க டைட்டு எங்கெங்க லூசுன்னு பென்சில்ல குறிச்சுக்கிட்டே போனேன்.

என் பேரல்ல தள்ளும்போது ஏதோ மணல்ல கம்பிய இழுக்குற மாதிரி ஒரு உணர்ச்சி. காத்து வர்ற போர்ட்ட தாண்டுன உடனே ஒரு கிறீச். வெளிய வந்த ஈயத்த பாத்தா ஒரு பக்கம் மட்டும் நீளத்துக்கு ஒரு கோடு, ஆணியால கீறுன மாதிரி. அது என்னன்னா, காத்து உள்ள வர்ற ஓட்டை, ட்ரான்ஸ்ஃபர் போர்ட், அதை பேரல்ல ட்ரில் போட்டு எடுக்குறாங்க, ட்ரில் பிட் உள்ள நுழையிற இடத்துல பிசிறு நிக்கும், அதை தேய்ச்சு எடுக்கணும், எடுக்கல. ஒவ்வொரு தடவையும் போல்ட்டு குண்ட தள்ளி போர்ட்ட தாண்டி வைக்கும்போது அந்த பிசிறு ஈயத்த ஒரு பக்கமா சீவி விடுது. ஒரு பக்கம் சீவுன குண்டு பம்பரம் மாதிரி எப்படி சீரா சுத்தும்? ஆணி கோணலா அடிச்ச பம்பரம் தான்.

டார்ச் அடிச்சு பாத்தா ரைஃபிளிங், அதாவது குண்ட சுத்த வைக்க பேரல் உள்ள சுருளா போட்டிருக்குற மேடு பள்ளம், அந்த மேட்டு மேல குறுக்கால குறுக்கால கோடு, ஏணிப்படி மாதிரி. கட்டிங் டூல் அதிர்ந்துட்டே போனா வர்ற தடம் அது, சேட்டர் மார்க். அதுல ஈயம் நல்லா அப்பிக்கும். 15 ஷாட் சுட்டுட்டு தொடச்சா துணில வெள்ளி ஜரிகை மாதிரி ஈயம் வருது. பழைய பிரஷ்ல செம்புக் கம்பி நார் சுத்தி தான் அதை எடுக்க முடிஞ்சுது, பாத்திரம் தேய்க்கிறதுக்கு வருமே அந்த மாதிரி, ஆனா சுத்த செம்பா இருக்கணும், காந்தம் ஒட்டிச்சுன்னா அது இரும்பு மேல செம்பு முலாம், பேரல கீறி வெச்சிடும்.

போட்டோ எல்லாம் எடுத்து அனுப்புனேன், ஈயத்துல இருக்குற கோட்ட பெருசாக்கி காட்டுனேன். மறுபேச்சு பேசல, ஒரு மாசத்துல புது பேரல் வந்துச்சு. அதுக்கு ஒரு மார்க் குடுக்கணும், நியாயமா. ஷிப்பிங் கூட வாங்கல.

இங்க தான் கதை.

புது பேரல் உள்ள பாத்தா கண்ணாடி. ஒரு கோடு இல்ல, ஒரு பிசிறு இல்ல, போர்ட் ஓரம் வழவழன்னு இருக்கு. ஆஹா விடிஞ்சுதுடா நமக்குன்னு மாட்டி சுட்டேன். நாலு இன்ச். ஆறுக்கு நாலு பரவால்ல தான், ஆனா இவ்ளோ பளபளப்பான பேரலுக்கு நாலு இன்ச் என்ன கணக்கு? அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் குண்டுங்க மேல சந்தேகப்பட்டு விதவிதமா வாங்கி சுட்டதுல தான் போச்சு. பளபளப்ப பாத்து பேரல் மேல சந்தேகமே வரல, அது என் முட்டாள்தனம்.

கடைசில திரும்ப ஸ்லக்கிங். பின்னாடில இருந்து முன்னாடி வரைக்கும் வெண்ணெய் மாதிரி சீரா வந்துச்சு, கடைசி ஒன்னரை இன்ச் வந்த உடனே கம்பி என் கைய விட்டு தானா ஓடுன மாதிரி இருந்துச்சு. இறுக்கமே இல்ல, தொபுக்குன்னு கீழ விழுந்துருச்சு. இன்னொரு ஈயத்த எடுத்து இந்த தடவ முன்வாய்ல ஏத்தி அந்த ஒன்னரை இன்ச்ச மட்டும் தனியா அளந்தேன். இப்படி தனியா அளந்தே ஆகணும், பின்னாடில இருந்து தள்ளுனா ஈயம் டைட்டான இடத்தோட அளவ தான் ஞாபகம் வெச்சிருக்கும், அப்புறம் லூசான இடம் வந்தா திரும்ப விரியாது. மைக்ரோமீட்டர்ல பாத்தா பேரல் முழுக்க .4575, வாய்கிட்ட .4590. இன்ச்ல ஆயிரத்துல ஒன்னரை பங்கு. தலைமுடி தடிமன்ல கிட்டத்தட்ட பாதி தான் இருக்கும். என் பேரல்ல ஆறு பள்ளம், எதிரெதிரா இருக்குறதால மைக்ரோமீட்டர் நேரா வெச்சு அளக்கலாம், அஞ்சு பள்ளம் இருக்குறவங்களுக்கு இந்த வசதி இல்ல, அதுக்கு வேற மாதிரி வி வடிவ மைக்ரோமீட்டர் வேணும்.

ஏன் வாய் மட்டும் லூசாச்சுன்னா, சைலன்சர் மாட்டுறதுக்கு மரை வெட்டிருக்காங்கல்ல, அதனால. பட்டன் ரைஃபிளிங் பேரல்ல ஒரு கெட்டியான உருளைய உள்ள இழுத்து இரும்ப வெளிப்பக்கமா அமுக்கி தான் பள்ளம் போடுறாங்க, இரும்பு வெட்டுப்படல, நசுங்கிருக்கு, அந்த அழுத்தம் உள்ளயே தங்கியிருக்கும். வெளிப்பக்க இரும்ப கொஞ்சம் செதுக்குனீங்கன்னா இத்தன நாள் அமுக்கிப் புடிச்சிட்டு இருந்த கை விட்ட மாதிரி, உள்ள ஓட்டை லேசா விரியும். .177, .22ல சுவர் தடியா இருக்கும், மரை வெட்டுனாலும் அவ்வளவா பாதிக்காது. .45ல ஓட்டையே அவ்ளோ பெருசு, மிச்சம் இருக்குற சுவர்ல மரையும் வெட்டுனா என்ன இருக்கும்? பேரல்ல குண்டு கடைசியா தொடுற இடம் அந்த வாய் தான், அங்க புடிமானம் இல்லாம ஆடிட்டே வெளிய போனா முன்னாடி வரைக்கும் எவ்ளோ சமத்தா வந்தும் பிரயோஜனம் இல்ல. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை.

வெடிமருந்து துப்பாக்கி ஆளுங்க சிலர் கேப்பாங்க, ஒன்னரை பங்கு லூசுக்கு என்னப்பா, ஈயம் விரிஞ்சு அடைச்சுக்கும்லன்னு. அவங்களுக்கு அடைச்சுக்கும். ஒரு சாதா .22 எல்ஆர் தோட்டால கூட 24,000 பிஎஸ்ஐ வரைக்கும் போகுது, அந்த அடில பின்பக்கம் நசுங்கி ஈயம் பேரலோட அளவுக்கு தானா உப்பிடும். நம்மகிட்ட இருக்குறது மொத்தமே 3000, அதுவும் டேங்க்ல, குண்டு பின்னாடி வந்து சேரும்போது இன்னும் கம்மி. சுத்த ஈயத்தோட கடினம் பிரினெல் கணக்குல 5 சுமார், அத அழுத்தமா மாத்துனா 7000 பிஎஸ்ஐ கிட்ட வருது, 3000 வெச்சு அத நசுக்க முடியாது. அதனால காத்து ரைஃபிள்ல குண்டு பேரல விட இன்ச்ல ஆயிரத்துல அரை, ஒரு பங்கு பெருசா, முதல்லயே சரியான சைஸ்ல இருக்கணும், பேரலும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சைஸ்ல இருக்கணும். பின்னாடி போய் சரி பண்ணிக்கலாம்ங்கற பேச்சுக்கே இடம் இல்ல. பிக் போர்ல பேரல் தரம் இவ்ளோ முக்கியமாறது இதனால தான், வெடிமருந்து மறைச்சு விடுற தப்ப எல்லாம் காத்து அப்படியே காட்டிக் குடுத்துரும்.

திரும்ப கம்பெனிக்கு போன் போட மனசு வரல. மூணாவது பேரல்லயும் அதே மரை தானே இருக்கும்? வெட்டிருவோம்னு முடிவு பண்ணேன். வாரண்டி போச்சு, தெரிஞ்சே தான் பண்ணேன்.

தெரிஞ்ச லேத் காரர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டு போனேன். அவரு துப்பாக்கி ஆளு இல்ல, ஆனா முப்பது வருஷம் லேத்ல நின்ன கை. வாங்கி மாட்டி சக்குல சுத்த விட்டுட்டு, வெளிப்பக்கம் டயல் வெச்சாரு, அப்புறம் உள்ள ஓட்டைல டயல் வெச்சாரு, சிரிச்சாரு. தம்பி, உள் ஓட்டையும் வெளி உருண்டையும் ஒரே சென்டர்ல இல்லயேன்னாரு. அதாவது வெளிப்பக்கத்த வெச்சு சென்டர் புடிச்சு தான் கம்பெனில கிரவுன், அதாவது குண்டு வெளிய வர்ற வாயோட ஓரம், போட்டிருக்காங்க, அப்ப கிரவுன் ஓட்டைக்கு சரிஞ்சு தான் இருந்திருக்கும். குண்டு வெளிய வரும்போது ஒரு பக்கம் காத்து முன்னாடி தப்பிச்சு போய் குண்டோட பிட்டத்த தள்ளி விடும். முன்னாடியே இத பாத்திருக்கலாம், காட்டன் பட்ஸ்ஸ கிரவுன்ல உள்ள இருந்து வெளிய இழுத்து பாத்தா பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும், சுட்டதுக்கு அப்புறம் வாய்ல ஈயக்கறை நட்சத்திரம் மாதிரி பரவியிருக்கும், அது எல்லா பக்கமும் ஒரே அளவு இருக்கணும். என்னோடது ஒரு பக்கம் நீளமா ஒரு பக்கம் குட்டையா இருந்துச்சுங்கறது இப்ப பழைய போட்டோவ பாத்தா தெரியுது. கண்ணுல பட்டுச்சு, மண்டைல ஏறல.

நாலு தாடை சக்குல உள் ஓட்டைய வெச்சு சென்டர் புடிச்சு, மரைய தாண்டி ஒன்னே முக்கால் இன்ச் வெட்டி, புதுசா கிரவுன் போட்டு குடுத்தாரு. வேலை நேரம் முக்கால் மணி நேரம், அதுல அரை மணி சென்டர் புடிக்கவே. வீட்டுக்கு வந்து உருண்டைத் தலை பித்தளை ஸ்க்ரூ ஒண்ண ஹேண்ட் ட்ரில்ல மாட்டி, தலைல வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கிரவுன் மேல வெச்சு மெதுவா சுத்திக்கிட்டே ட்ரில்லோட கைப்பிடிய வட்டமா ஆட்டுனேன், ரெண்டு நிமிஷம். ஓரம் முழுக்க ஒரே அகலத்துல சாம்பல் வளையம் வந்தா வேலை முடிஞ்சுது. பேஸ்ட் உள்ள போகாம இருக்க ஈரத் துணி உருண்டை ஒண்ணு பேரல் வாய்ல திணிச்சு வெச்சேன், இத மறக்காதீங்க.

லேப்பிங், அதாவது பேரல் உள்பக்கத்த தேய்ச்சு வழவழப்பாக்குறது, அதுவும் கொஞ்சம் பண்ணேன், ஆனா ரெண்டாவது பேரலுக்கு அது தேவையே இல்ல. பழைய முதல் பேரல்ல தான் பழகுனேன். கம்பி நுனிய பேரல் உள்ள வெச்சு சுத்தி உருக்குன ஈயத்த ஊத்துனா ரைஃபிளிங் அச்சோட ஒரு ஈயக்கட்டை வரும், அதுல 320 நம்பர் கிரைண்டிங் பேஸ்ட்டு தடவி முன்னாடி பின்னாடி இழுக்கணும், கம்பி தானா சுத்துற மாதிரி கைப்பிடில பேரிங் இருக்கணும், கட்டைய ரெண்டு பக்கமும் முழுசா வெளிய விட்டுறக்கூடாது, வாய் மணி மாதிரி விரிஞ்சிடும். 400 தடவ இழுத்தேன், தோள் வலி கண்டது தான் மிச்சம், சேட்டர் மார்க் பாதி தான் போச்சு. ஏணிப்படி அளவுக்கு ஆழமா தடம் இருந்தா லேப்பிங்ல எடுக்க பாக்காதீங்க, எடுத்து முடிக்கும்போது பேரல் வேற கேலிபர் ஆயிருக்கும். லேசான சொரசொரப்பு, சின்ன டைட்டு, இதுக்கு தான் அது. போர்ட் பிசிறுக்கு வேற வழி இருக்கு, மரக்குச்சில உப்புத்தாள் சுத்தி உள்ள விட்டு போர்ட் ஓரத்த மட்டும் மெதுவா தேய்ச்சு மழுக்கணும், கூர் போனா போதும், பள்ளம் தோண்ட வேணாம்.

ட்விஸ்ட் பத்தி, அதாவது எத்தன இன்ச்சுக்கு ரைஃபிளிங் ஒரு முழு சுத்து சுத்துதுங்கறது. பாக்ஸ்லயும் இல்ல புக்லயும் இல்ல, கம்பெனில கேட்டா நல்ல ட்விஸ்ட் சார்னு பதில், கேட்டதுக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானே அளந்தேன், டைட்டா துணி சுத்துன க்ளீனிங் ராடுல ஒரு குறி போட்டு, அது அரை சுத்து சுத்த எவ்ளோ நீளம் உள்ள போகுதுன்னு பாத்தேன், 15 இன்ச். அப்ப 30 இன்ச்சுக்கு ஒரு சுத்து. ஜார்ஜ் கிரீன்ஹில்னு ஒரு கணக்கு வாத்தியார் 1879ல ஒரு ஃபார்முலா போட்டு வெச்சிருக்காரு, குண்டோட விட்டத்த அதே விட்டத்தால பெருக்கி, அத 150ஆல பெருக்கி, குண்டோட நீளத்தால வகுத்தா தேவையான ட்விஸ்ட் வரும், எல்லாம் இன்ச்ல. .458க்கு போட்டு பாத்தா என் பேரல் தாங்குற அதிகபட்ச நீளம் 1.05 இன்ச். 350 கிரெயின் குண்டு 0.95, தாராளமா போகும். கம்பெனி கூட அனுப்பிச்ச 450 கிரெயின் குண்டு 1.2 இன்ச்! அது கவுந்தடிச்சு தான் போகும், பேரல் தங்கத்துல இருந்தாலும். அவங்க பேரலுக்கு ஆகாத குண்ட அவங்களே பெட்டில போட்டு அனுப்பிருக்காங்க. இத எந்த டிபார்ட்மென்ட்டுல யாரு முடிவு பண்றாங்கன்னு பாக்கணும்னு ஆசை.

இப்ப ரிசல்ட். .458 சைஸ் சுத்த ஈயம் 350 கிரெயின், 50 யார்டு, அஞ்சு ஷாட், 1.6 இன்ச். ஒரு நாள் அதிர்ஷ்டமான்னு நாலு நாள் வேற வேற நேரத்துல சுட்டேன், மோசமான நாள்ல ரெண்டு இன்ச்ச தாண்டல. வேகம் கொஞ்சம் குறையும்னு நினைச்சேன், க்ரோனோல எனக்கு வித்தியாசம் பெருசா தெரியல, 730 பக்கத்துலயே நிக்குது. ஈயம் அப்புறது நின்னுடுச்சு, இப்ப 60 ஷாட்டுக்கு ஒரு தடவ தொடச்சாலும் துணில சாம்பல் நிறம் தான் வருது, ஜரிகை இல்ல. தொடைக்கும்போது பெட்ரோல் வகை சால்வெண்டு, எண்ணெய் எதுவும் காத்து பக்கம் போயிடாம பாத்துக்கோங்க, அழுத்தமான காத்தும் எண்ணெயும் சேந்தா டீசல் இன்ஜின் மாதிரி உள்ளயே பத்திக்கும். வால்வு பக்கம் சிலிகான் கிரீஸ் மட்டும்.

நஷ்டமும் இருக்கு, அத மறைக்கல. மரை போனதால சைலன்சர் மாட்ட முடியாது, சத்தம் பளார்னு இருக்கு, காது மஃப் இல்லாம சுடவே கூடாது. கிளாம்ப் வகை அடாப்டர் வாங்கி மாட்டலாம்னாங்க, வாய்கிட்ட இறுக்கிப் புடிக்கிற எதையும் திரும்ப மாட்ட எனக்கு பயமா இருக்கு, வேணாம்னுட்டேன். ரைஃபிள விக்கவும் முடியாது, வெட்டுன பேரல்னு சொன்னா எவனும் வாங்க மாட்டான், சொல்லாம விக்க எனக்கு மனசு வராது.

வாங்கலாமான்னு கேட்டா, ரைஃபிள வாங்கி நேரா சுடணும்னு நினைக்கிறவங்க வாங்காதீங்க. வால்வு, ட்ரிகர், ஸ்டாக்குக்கு பத்துக்கு எட்டு போடலாம், பேரலுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் மாத்தி குடுத்ததுக்காக. லேத் பக்கத்துல இருக்கு, மைக்ரோமீட்டர் இருக்கு, இந்த மாதிரி நோண்டுறது புடிக்கும்னா தாராளமா வாங்குங்க, உள்ள நல்ல ரைஃபிள் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. செகண்ட் ஹேண்டுல எந்த பிக் போர் வாங்குறதா இருந்தாலும் பாக்கெட்ல ரெண்டு ஈயகுண்டும் ஒரு கம்பியும் எடுத்துட்டு போங்க, விக்கிறவர் காத்த இறக்கி பேரல தள்ளிப் பாக்க விட்டாருன்னா பாதி நம்பிக்கை அங்கயே வந்துரும், பேரல பத்தி பேச்செடுத்த உடனே முகம் மாறுனா டீ குடிச்சிட்டு கிளம்பிருங்க.

இவ்ளோ வேலைய ஒரு தனி ஆளு மேசை மேல பண்ண முடியும்னா கம்பெனில ஒருத்தர் ஒரு ஈயத்த தள்ளிப் பாத்து பேக் பண்ண எவ்ளோ நேரம் ஆகும், ரெண்டு நிமிஷமா? கோவம் எனக்கு மோசமான பேரல் மேல கூட இல்ல, அத ஒருத்தரும் அளக்காம அனுப்பிட்டு என் கைய குறை சொன்னது மேல தான்.

450 கிரெயின் குண்டு ஒரு டப்பா அப்படியே கிடக்கு. உருக்கி 350 அச்சுல ஊத்திரலாம்னு வெச்சிருக்கேன், ஒரு டப்பாவுக்கு ஒன்னேகால் டப்பா குண்டு வரும்.